புத்தகத்தில் இல்லாத செபம்

மார்ச் 4

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்வதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன். அவருக்கு இரவு ஷிப்ட்.

அண்ணன் தன் கவிதைகளை அனுப்பியிருக்கிறான். புத்தகமாகப் போடப் போகிறார்களாம். "நீதான் தமிழ் படிச்சவ. எது வேணும், எது வேண்டாம்னு சொல்லு." ஊருக்கெல்லாம் அவன் ஃபாதர், எனக்கு மட்டும் அண்ணன். எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள் — ஒரு ஆளுக்குச் சோறு வைத்தால் எப்போதும் அளவு தப்பிப்போவது, பூசை முடிந்ததும் நாற்காலிகளை அவனே நேராக்குவது, யாருமே வராத ஒரு நல்லடக்கம். கடைசியில் இது:

*உச்சியில் ஊற்றிய நீர் வழிந்து முடிந்தது.*
*பிள்ளை என் விரலை விடவில்லை.*
*புத்தகத்தில் இல்லாத செபமொன்றைச் சேர்த்துக்கொண்டேன் —*
*அவசரப்படுத்தாதேயும் ஆண்டவரே,*
*இன்னும் கொஞ்சம்.*

பாப்பாவின் ஞானஸ்நானத்தன்று செபம் நீண்டுகொண்டே போனது நினைவிருக்கிறது. "மச்சான் இன்னைக்கு ஓவர்டைம் பாக்குறார்" என்று இவர் என் காதில் முணுமுணுக்க, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். இதற்காகவா அண்ணா?

மார்ச் 5

அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பெற்ற பிள்ளையையே 'வாங்க ஃபாதர், போங்க ஃபாதர்' என்பவள். கடைசிக் கவிதை முடிந்ததும் சொன்னாள்:

"அதை மட்டும் எடுத்துடச் சொல்லுடி. ஃபாதருக்குப் பிள்ளை ஆசை வந்திருச்சுன்னு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பிஷப் கண்ணில் பட்டால்? எங்காவது தூக்கிப் போட்டுவிட்டால்?

மார்ச் 6

"கடைசிக் கவிதை வேண்டாம் அண்ணா" என்று அனுப்பினேன். "சரிம்மா" என்று வந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 17

திங்கள்கிழமை அவனுக்கு ஓய்வு. வாராவாரம் அன்றைக்கு எனக்கு ஒரு கவிதை வந்துவிடும். போன வாரமும் இல்லை, இன்றும் இல்லை. நானே கூப்பிட்டேன்.

"எல்லாரும் சுகமா? பிள்ளைக்கு என் ஆசீர்" என்றான் — கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் பேசும் அதே குரல். என்கிட்டயா?

"ஏதாவது எழுதினியா?"

"நேரமில்லம்மா."

நேரமில்லையாம்! பொய். நான்தானே அவன் வாயை அடைச்சேன்.

இவர் வேறு: "கவிதை வந்தா படிச்சுட்டுத் தூங்க மாட்டே. வரலேன்னாலுமா?"

மார்ச் 19

நாளெல்லாம் பாப்பாவிடம் பேசுகிறேன். பதிலுக்கு எச்சில் குமிழி. என்னோடு முழு வாக்கியமாகப் பேச இருந்தது அந்தத் திங்கள்கிழமை ஒன்றுதான். அவனுக்கும் அப்படித்தானோ? மனதில் இருப்பதை இறக்கிவைக்க அவனுக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. அங்கே அந்த நாலு பேரைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டேன். யார் அந்த நாலு பேர்? பாப்பா பிறந்ததிலிருந்து அவர்களில் ஒருவர்கூட என் கதவைத் தட்டியதில்லை.

மார்ச் 20

அவனுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, பயத்தில் சொல்லிவிட்டேன். அந்தக் கவிதை இருக்கட்டும். அச்சுக்குப் போகவில்லை என்றால் சேர்த்துவிடு. போய்விட்டது என்றாலும் பரவாயில்லை, புதிதாக எழுதுவதை எனக்கு அனுப்பு. பிழை திருத்த மாட்டேன். அம்மாவிடம் காட்ட மாட்டேன். எனக்குப் பேச ஆளில்லை. சீக்கிரம் பதில் போடு.