பட்டியலில் உன் பெயர் இருந்தது

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் தயவில் அப்பா, ஹரீஷ், நான் மூவரும் இங்கே சுகம். கடல் தாண்டி சபா மாநிலத்தில் இருக்கும் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸாப் இருக்கும்போது அம்மா எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மூன்று தடவை அதில் தட்டித் தட்டி அழித்துவிட்டேன். வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டியா என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. அதனால் ஹரீஷின் நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்து எழுதுகிறேன், தமிழ் எழுதி வருஷக்கணக்காகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, லாரி ஏறி இறங்கும்போது மட்டும் முனகுகிறார். ஹரீஷுக்குக் குரல் உடைந்துவிட்டது, என்னைவிட அரை அடி உயரம், காலணி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பற்றவில்லை என்கிறான். நான் இன்னும் அக்கரையில் அதே மாக் மண்டின் தொழிற்சாலைதான், அதே ஃபெர்ரிதான்.

போன மாதம் உன் பல்கலைக்கழக இதழில் வந்த கட்டுரையைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டிருந்தாய் அல்லவா, அதை ஹரீஷ் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தான். நீ விளையாடியது, இப்போது கம்போங்கில் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்வது, எல்லாம் எழுதியிருந்தாய். உன் முதல் மாணவன் உன் தம்பிதான், ஃபிளாட் நடைபாதையில் இரண்டு சிலிப்பரை கோல் கம்பமாக வைத்து அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று வந்த இடத்தில் அவனுக்கு ஒரே பெருமை, அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான். அப்புறம் அந்த இடம் வந்தது. பதினான்கு வயதில் மாநிலக் காற்பந்துத் தேர்வுக்குப் போனேன், பட்டியலில் என் பெயர் இல்லை, எனக்குத் திறமை போதாது என்று அன்றே தெரிந்துகொண்டேன், இன்றும் கோல் முன்னால் பந்து கிடைத்தால் நான் உதைப்பதில்லை, என்னைவிடக் கெட்டிக்காரிக்குத் தள்ளிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். ஒதுக்கப்பட்ட வலி எனக்குத் தெரியும், அதனால்தான் அணி பிரிக்கும்போது பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் பிள்ளையிடம் நான் முதலில் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

ஷர்மினி, உன்னை யாரும் ஒதுக்கவில்லை. பட்டியலில் உன் பெயர் இருந்தது. எடுத்துவிட்டது நான்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தேர்வு முடிந்து நான்கு நாள் இருக்கும். மத்தியானம் கேண்டீனில் இருந்தபோது, உன் பள்ளியில் காற்பந்து சொல்லிக்கொடுத்த, தேர்வுக் குழுவிலும் இருந்த சித்தி ஆயிஷா டீச்சர் எனக்குப் போன் செய்தார். புதிதாக வேலைக்கு வந்த மலாய்ப் பெண், சின்ன வயசு, சந்தோஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். ஷர்மினி தேர்வாகிவிட்டாள், ஜனவரியில் விளையாட்டுப் பள்ளியில் சேர வேண்டும், அங்கேயே ஹாஸ்டல், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அது பொய்யில்லை. அடுத்த நிமிஷம், அப்படியானால் ஹரீஷை யார் பார்ப்பது என்று வந்தது. அவனுக்கு அப்போது ஐந்து வயது. நீதான் பள்ளி விட்டதும் பாலர் பள்ளிக்கு ஓடி அவனைக் கூட்டி வந்து, சோறு ஊட்டி, குளிக்க வைத்து, நான் ஃபெர்ரி பிடித்து ஏழரைக்கு வீடு சேரும் வரை வைத்திருப்பாய். நீ போய்விட்டால் நான் வேலையை விட வேண்டும். அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், மூன்று பேரும் உட்கார்ந்து ஏதாவது வழி பார்த்திருக்கலாம். நான் அந்த இடத்திலேயே, "டீச்சர், அவளுக்கு விருப்பம் இல்லை, படிக்கணும்னு சொல்றா" என்று சொல்லிவிட்டேன். நான் அவளிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், உங்களிடம் முடியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சம், கேட்டால் அழுவாள் என்றேன். எங்கிருந்து அவ்வளவு சரளமாக வந்ததோ தெரியவில்லை. உன் இடத்துக்கு வேறு பிள்ளையைப் போட்டு, இரண்டு நாள் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நீ ஹரீஷுக்கு ஊட்டிவிட்டு, பூட்ஸைக் கழுவி, காகிதம் திணித்து, அலமாரிக்கு மேலே வைத்தாய். நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்று, "அம்மா, டீச்சர் உங்களுக்குப் போன் ஏதும் பண்ணாங்களா?" என்று கேட்டாய். "இல்லையே" என்றேன். முதல் பொய்யைப் போனில் சொன்னேன், இரண்டாவதை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இந்த எட்டு வருஷத்தில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது டீச்சரிடம் பேசியதல்ல, நீ அந்த வாசலில் நின்றதுதான். வெகு நாள் உன் படிப்புக்காகத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ பல்கலைக்கழகம் போனபோது, பார், நான் செய்தது சரி என்றுகூட நினைத்தேன். படிப்புக்காக இல்லை ஷர்மினி. வீட்டில் எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆளாக உன்னை வைத்துக்கொண்டேன். நீயும் ஒரு சின்னப் பிள்ளைதான் என்பதை நான் நினைக்கவில்லை.

கட்டுரையை வாசித்த மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அதுவரை தெரியாது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தேர்வு நாளன்று மோட்டார் சைக்கிளில் உன்னை ஏற்றிப் போனது அவர்தான், வெயிலில் மத்தியானம் வரை திடலில் நின்றதும் அவர்தான். பட்டியல் வந்த பிறகு உன்னை நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போய், பரவாயில்லம்மா, அந்தப் பிள்ளைங்க உன்னைவிட நல்லா ஆடியிருப்பாங்க, அதை ஒத்துக்கணும் என்று சமாதானம் சொன்னாராம். வெகு நேரம் வேலைக்குப் போடும் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டியே, ஜெயா" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காவது நாள், அவளுக்கு எழுது, நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும் என்றார்.

எழுதுவதற்கு முன்னால் டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று பட்டது. எங்கள் மேற்பார்வையாளர் ஹஸ்ருலின் மகள் புக்கிட் மெர்தாஜாமில் படிக்கிறாள், அவளுடைய காற்பந்து டீச்சர் பெயர் சித்தி ஆயிஷா என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னபோது விசாரித்தேன், அவரேதான். நேற்றுக் காலை ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்துப் போனேன். திடலில் இருபது பெண் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, ஷர்மினி எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். பிள்ளைகளை இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அக்கா, எனக்கு அவ மேல கோபம். இவ்வளவு திறமை இருந்தும் வேணாம்னு சொல்லிட்டாளேன்னு. அடுத்த வருஷம் முழுக்க அவளை வெளியில உட்கார வெச்சேன். ஏன்னு ஒரு வார்த்தை அவகிட்ட கேட்கல." நான் சொன்ன ஒரு பொய்யால் பள்ளியிலும் உன்னை ஆட விடாமல் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ரயிலில் திரும்பும்போது வாய்விட்டு அழுதேன், எதிரே இருந்த சீனக் கிழவர் ஒருவர் டிஷ்யூ நீட்டினார்.

டீச்சர் உன்னிடம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று தேர்வுக்கு வந்த அறுபது பேரில் நீ மூன்றாவது. வலது பக்கத்தில் ஓடுகிறவர்களில் முதல். இது அம்மா ஆறுதலுக்குச் சொல்வது இல்லை, உன்னைத் தேர்ந்தெடுத்தவர் சொன்னது. ஆகவே கோல் முன்னால் பந்து வந்தால் நீயே உதை. தவறினாலும் பரவாயில்லை. உன் கட்டுரையைத் திருத்தி எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம், என் பெயரைப் போட்டே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. நீ அந்தப் பிள்ளைகளிடம் காட்டும் அன்பு ஒதுக்கப்பட்டதால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹரீஷ் விழுந்தால் திட்டாமல் எழுப்பி நிறுத்தியவள் நீ, அது தேர்வுக்கு முன்னாலேயே உன்னிடம் இருந்தது. ஆனால் இதைச் சொல்லி என் தப்பைச் சின்னதாக்கிக்கொள்ள நான் பார்க்கவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தால் கோபப்படு. போன் எடுக்காவிட்டாலும் புரிந்துகொள்வேன், ஹரீஷுக்கு மட்டும் ஒரு வரி போடு, நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தன்னால்தான் அக்காவுக்கு இப்படி ஆயிற்று என்று அவன் எடுத்துக்கொள்வான், அதை எப்படிச் சொல்வது என்று நீதான் யோசனை சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது டீச்சர் கேட்டார், விடுமுறைக்கு ஷர்மினி வீட்டுக்கு வந்தால் சனிக்கிழமைகளில் வந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாளா என்று. வருவாள், கட்டாயம் வருவாள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவளைத்தான் கேட்கணும் டீச்சர் என்று சொல்லி, அவர் நம்பரை வாங்கிவந்தேன். கீழே எழுதியிருக்கிறேன். வருகிறேன் என்பதோ வரவில்லை என்பதோ, நீயே அவரிடம் சொல்.

மழைக் காலம், ஈரக் காலுறையோடு இருக்காதே, கால்விரல் இடுக்கில் புண் வந்தால் மருந்து போடு. முருகன் உன் கூடவே இருக்கட்டும், உன் கால் இரண்டும் திடமாக இருக்கட்டும்.

அம்மா,
ஜெயலெட்சுமி கார்த்திகேசு

(சித்தி ஆயிஷா டீச்சரின் நம்பர் தாளின் பின்பக்கம் இருக்கிறது. மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடச் சொன்னார்.)