கதவுக்கு நேரே நிற்பவர்

ஸ்கோர்பி, ஃபால்ஸ்டர் தீவு
20 ஏப்ரல் 1903

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் எழுதும் கடிதம் இது. திட்டிக்கொண்டே படி. படிக்காமல் மட்டும் இருந்துவிடாதே. இருமல் எப்படி இருக்கிறது? இரத்தம் நின்றதா?

நான் வராததற்குக் காரணம் ஒரு கால். இந்த ஊர் தேவாலயத்தின் வடக்குச் சுவரில், முந்நூறு வருஷச் சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பாதம் கிடைத்திருக்கிறது. நம் வீட்டில் துணி ஊறவைக்கும் தொட்டி அளவு இருக்கும். விரல்களுக்கு நடுவே மீன்கள், ஒரு நண்டு. சின்னச் சுத்தியலால் தட்டி வெள்ளையை உதிர்க்கிறேன். பிறகு புது ரொட்டியின் உள்சதையைப் பிசைந்து, ஒற்றி ஒற்றி அழுக்கை எடுக்கிறேன். ரொட்டிக்காரி தினமும் என்னை வம்புக்கு இழுக்கிறாள்: "நெசமாவே சுவத்துக்குத்தான் ஊட்டுறீங்களா, இல்ல நீங்க தின்னுட்டு அது மேல பழியப் போடுறீங்களா?"

பாதிரியார் பார்த்ததுமே சொல்லிவிட்டார். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த கிறிஸ்தோபராம். அந்தக் காலத்தில் அவரை எப்போதும் வாசலுக்கு நேர் எதிரே, மிகப் பெரிதாக வரைவார்களாம். வயலுக்குப் போகிறவன் உள்ளே வரக்கூட வேண்டாம், வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். அன்றைக்குச் சாவு கிடையாது. அன்றைக்கு மட்டும்தான். மறுநாளைக்கு மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

முகத்துக்கு இன்னும் நான் ஏறவில்லை. முடிந்ததும் கிளம்பி வருகிறேன்.

உன் தம்பி,
ஐனார்

*

ஓடன்சே
27 ஏப்ரல் 1903

அன்புத் தம்பி ஐனாருக்கு,

முந்நூறு வருஷமாக ஒளிந்திருந்த காலைக் கண்டுபிடித்தவனுக்கு, அக்கா வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லது.

இரத்தம் நிற்கவில்லை. டாக்டர் வந்தார். நான் நேராகக் கேட்டேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்: "பூர்ச்ச மரம் இலை விடுற வரைக்கும்னு வச்சுக்கங்க, பெட்ரீனே." மரம் வாசலிலேயே நிற்கிறது. மொட்டு கட்டிவிட்டது. வேலைக்காரப் பெண் இங்கபோர்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். பீரில் ரொட்டியைப் போட்டுக் கஞ்சி வைக்கிறாள், அடி பிடிக்க விடுகிறாள், பிறகு அழுகிறாள்.

அப்பா படுத்திருந்த பதினோரு வருஷமும் நான் உன்னை வா என்று கூப்பிட்டதில்லை. இப்போதும் கூப்பிடவில்லை. ஆனால் நீயாக வந்தால் நன்றாக இருக்கும்.

அந்தப் பெரிய மனிதரின் முகம் வெளியே வந்தால் எனக்கும் காட்டு. நாம் புனிதர்களை வணங்காத லூத்தர் சபைக்காரர்கள்தான், இருந்தாலும் படுத்துக்கிடப்பவளுக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது வேண்டுமே.

உன் அக்கா,
பெட்ரீனே

*

ஸ்கோர்பி
6 மே 1903

அன்புள்ள அக்காவுக்கு,

முகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை நெற்றிப் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினேன். சுண்ணாம்பு ஒரே தகடாகக் கழன்று விழுந்தது. பின்னால் இரண்டு கண்கள். ஏணியில் இருந்த நான் ஏணிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். தோளில் இருக்கும் குழந்தையைப் பார்க்காமல், நேராக வாசலைப் பார்க்கிறார். சாலையிலிருந்து தெரிய வேண்டும் என்று கண்களை அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறான் வரைந்தவன். இன்றைக்குத்தான் ஈரம் காய்ந்த மாதிரி இருக்கின்றன.

பாதிரியாருக்காக நகல் எடுக்கும்போது உனக்கும் ஒன்று எடுத்தேன். ஊடே தெரியும் எண்ணெய்த் தாளைச் சுவர்மேல் வைத்து, முகத்தையும் குழந்தை இருக்கும் தோளையும் கோட்டுக்குக் கோடு இழுத்து, கண்ணுக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருக்கிறேன். அதே அளவு. அலமாரிக் கதவில், கட்டிலுக்கு நேரே ஒட்டச் சொல். சிரிக்காதே. தினமும் காலையில் அவரைப் பார், அவ்வளவுதான் நான் கேட்பது.

சுவர் காய வேண்டும் என்று தேவாலயத்தின் கதவைப் பகல் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறோம். எதிர்வீட்டில் ரஸ்முஸ் என்ற கிழட்டுக் கொல்லர் வயிற்றுப் புற்றோடு படுத்திருக்கிறார். அவருடைய கட்டிலிலிருந்து ஜன்னல், சாலை, கதவு, சுவர், எல்லாம் ஒரே கோட்டில். காசில்லாமல் படம் பார்க்கிறார் என்று ஊரார் கேலி செய்கிறார்கள்.

ஐனார்

*

ஓடன்சே
14 மே 1903

அன்புத் தம்பிக்கு,

உன் ஆள் வந்து சேர்ந்தார். அலமாரிக் கதவு அவருக்குப் போதவில்லை, தாடி இழுப்பறை வரை தொங்குகிறது. இங்கபோருக்கு அவருக்கு முதுகைக் காட்டப் பயம். பின்னாலேயே நடந்து வெளியே போகிறாள், கையில் தட்டோடு. இரண்டு கிண்ணம் உடைந்தாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மறுபடி இரத்தம் வந்தது, முன்பு எப்போதும் வராத அளவு. டாக்டர் நாடியைப் பிடித்தார், பையை மூடினார், கடைசி ஜெபத்துக்கு இங்குள்ள பாதிரியாரைக் கூப்பிட இங்கபோரை அனுப்பினார். எனக்குக் கை கால் எல்லாம் தூரத்தில் போய்விட்டன. அலமாரிக் கதவில் இருப்பவரின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே கிடந்தேன். உயிர் போகவில்லை. ஞாயிறு வந்தது, திங்கள் வந்தது. டாக்டர் என்னைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் தொப்பியைக் கழற்ற மறந்துவிடுகிறார்.

பூர்ச்ச மரம் முழுக்க இலை விட்டுவிட்டது.

பெட்ரீனே

*

ஸ்கோர்பி
21 மே 1903

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏணியில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். ஐனாருக்குக் கொஞ்சம் புத்தி உண்டு என்று இப்போதாவது ஒப்புக்கொள். இனி அவசரம் இல்லை. குழந்தையின் கையும் தடியும் பாக்கி. அதையும் முடித்துவிட்டு, ஜூன் கடைசியில் நடுக்கோடைத் திருநாளுக்கு நிதானமாக வருகிறேன்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததையும் எழுதிவிடுகிறேன். கொல்லரின் மகள் சிட்செல் என்னிடம் வந்தாள். கதவு வழியே உள்ளே பார்க்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு பேசினாள்.

"அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்களேன், ஐயா."

"சுவர் காயணும்மா."

"பன்னெண்டு நாளா எங்கப்பா ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஒடம்பு அழுகிக்கிட்டு இருக்கு. கத்தத் தெம்பில்ல, முனகுறாரு. ஆனா போக மாட்டேங்குறாரு. அந்தாளையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு. ஜன்னல்ல துணி கட்டினேன், கட்டாதன்னு கையால தடுக்குறாரு. பயப்படுறாரு. நீங்கதான் சாத்தணும்."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சாத்தினேன். நாலு மணிக்குச் சாவு மணியடிக்கக் கயிற்றுக்கு ஆள் வந்துவிட்டான்.

எழுபத்தொன்பது வயது, புற்று நோய், எந்த மணிக்கும் போகக்கூடியவர்தான். தற்செயல். இருந்தாலும் அக்கா, நீ அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடாதே.

ஐனார்

*

ஓடன்சே
27 மே 1903

ஐனாருக்கு,

தற்செயல் என்றால் தாளை எடுக்காதே என்று ஏன் எழுதுகிறாய்?

அவர் சாவைத்தான் தடுக்கிறார், தம்பி. வலியைத் தடுப்பதில்லை. முதுகில் புண் வந்து எலும்பு தெரிகிறதாம், இங்கபோர் சொல்லவில்லை, ஆனால் அவள் முகம் சொல்கிறது. மூச்சு ஒரு ஸ்பூன் அளவு உள்ளே போகிறது. சிட்செல் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் நடக்கிறது. நான் பயப்படவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

நேற்று இங்கபோரிடம் தாளைத் திருப்பிப் போடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி, திருப்பி, ஆணி அடித்தாள். நான் பார்த்தேன். எண்ணெய்த் தாள் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அந்தப் பக்கமிருந்தும் பார்க்கிறார். குழந்தை மட்டும் மற்றத் தோளுக்கு மாறியிருக்கிறது. முன்னைவிட நெருங்கி நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

நீ வா. வந்து உன் கையாலேயே எடு.

பெட்ரீனே

*

ஸ்கோர்பி
31 மே 1903

அக்கா,

என்னால் முடியாது. உன் கட்டிலுக்கு எதிரே நின்று அந்த ஆணிகளைப் பிடுங்க எனக்குக் கை வராது. சனிக்கிழமை வருகிறேன், சத்தியமாக வருகிறேன், ஆனால் எடுக்க வரவில்லை, உன்னைப் பார்க்க வருகிறேன். அதுவரைக்கும் தினமும் காலையில் பார். அப்பாவுக்கு நான் வரவில்லை. உனக்கும் வராதவனாக என்னை ஆக்கிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஐனார்

*

ஓடன்சே
3 ஜூன் 1903

அன்புத் தம்பி ஐனாருக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு சுருள் வரும். கிறிஸ்தோபர்தான். நீ அனுப்பிய அட்டைக் குழாயிலேயே போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன். இங்கபோர் சால்வையைப் போர்த்திக்கொண்டு தபாலுக்குக் கிளம்ப நிற்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் அவள்தான், அதனால்தான் எழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

அவர் போனபின் அலமாரிக் கதவில் நாலு ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. மரத்தின் நிறம் எனக்கு மறந்தே போயிருந்தது.

உன்மேல் கோபம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதிலாக அவரை அனுப்பினாய். அவர் இங்கே நின்றதால்தான் நீ அங்கே நிம்மதியாக ஏணியில் நின்றாய். ராத்திரி பகலாக இமைக்காமல் அவர் பார்த்தது போல் நீ ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் எனக்குப் போதும். ஆனால் அவரைக் கோட்டுக்குக் கோடு இழுத்தபோது உன் கை நடுங்கியிருப்பதைப் பார்த்தேன். இடது புருவத்தில் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் கோபம் போயிற்று.

யாரோ ஒரு கிழவருக்குக் கதவைச் சாத்தினாய். எனக்குச் சாத்த உனக்குக் கை வராது. அது குறை இல்லை, நீ என் தம்பி. அதனால் நானே சாத்திக்கொள்கிறேன்.

அப்பாவின் கறுப்புக் கோட்டை இங்கபோர் உனக்காகக் கையைக் குறைத்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை அதைப் போட்டுக்கொள். கிண்ணங்களைப் பற்றி அவளை ஒன்றும் கேட்காதே.

கிளம்பும் காலையில், சுவரில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கிளம்பு. வழியில் இரண்டு படகு ஏற வேண்டும். உனக்கு நீச்சல் தெரியாது.

உன் அக்கா,
பெட்ரீனே