பெட்டிக்கு நாற்பத்தேழு

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. உன்னைப் படுக்கையில் தள்ளிய கம்பெனிக்கு நேற்று நான் அட்டைப்பெட்டி விற்றுவிட்டேன். படித்ததும் உனக்குத் தூக்கிவாரிப்போடும் என்று தெரியும், அதனால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. இங்கே நானும் அப்பாவும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுசாகப் போடுகிறாயா இல்லை பாதியாக உடைத்துப் போடுகிறாயா? போனில் கேட்டால் "ம், பரவாயில்லம்மா" என்கிறாய். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவே இல்லை.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ நடுவில் புகுந்து சதவிகிதம் பேசுவாய், எனக்கும் கத்தத் தோன்றும். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அந்தக் கம்பெனிப் பங்கை முன்னூற்று நாற்பதுக்கு விற்றுவிட்டு வெளியே வந்தாய், அது நூற்று இருபதுக்கு விழுந்தது, இப்போது லாபம் கூடியதாக அறிக்கை வந்ததும் ஒரே மாதத்தில் நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறிவிட்டது, கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை மொத்தமாக அதிலேயே திரும்பப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அது ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவனை என் கடை வாசலில் நிற்கவிட மாட்டேன். ஆனால் நீ ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகு அவர்கள் நன்றாக இருப்பதை உன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏறினால் அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும், உன்னைப் பிழிந்தவர்களின் லாபத்தை நீ பிழிய வேண்டும். தப்பென்று நான் சொல்ல மாட்டேன். என் வயிறும் அப்படித்தான் எரிகிறது, என் வயிற்றில் இருந்து வந்த பிள்ளைதானே நீ.

ஆனால் ஒன்று யோசி. கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி, அட்டையில் கம்பிப் பின் அடிக்கும் மெஷின் ஒன்று கிடக்கிறதே, சின்ன வயதில் அதன் மேல் ஏறிக் குதிப்பாயே, அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் தொழில் தொடங்கிய வருஷம் மாதிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஆலைக்காரரிடம் போனேன். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு, "பொம்பளைங்க கட்டுன பெட்டியில பஞ்சு மிட்டாய்தான் வைக்கலாம்" என்றார். ஆறு வருஷம் கறுவிக்கொண்டிருந்தேன். அவர் நொடித்துப்போய், ஆலையில் பெட்டி கட்ட வைத்திருந்த மெஷின் முதற்கொண்டு ஏலத்துக்கு வந்தபோது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போய், பெறுமானத்தைப் போல இரண்டு மடங்குக்கு அந்த மெஷினை எடுத்தேன். அந்த மனுஷர் ஏலத்துக்கு வரவே இல்லை. மெஷின் ஒரு மாதம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. அன்றைக்குப் புரிந்துகொண்டேன், வஞ்சம் மனதில் இருக்கும்போது விற்கலாம், வாங்கக் கூடாது. வாங்கினால் விலையை நம் கோபம் சொல்லும். விற்கும்போது நாம் சொல்லலாம்.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். மத்தியானம் ஒரு ஆள் நசுங்கிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்தான், புறவழிச் சாலையில் இருக்கும் அவர்கள் கிடங்கின் பொறுப்பாளன். பெட்டியில் உன் கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். ஐந்து அடுக்கு அட்டையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மூன்று மாதம் முன்பு செலவைக் குறைக்க மூன்று அடுக்குக்கு இறங்கினார்களாம். எட்டு வரிசை அடுக்கியதில், மழை ஈரத்துக்கு அடி வரிசை மூன்றும் உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்த கண்ணாடிச் சாமான் எல்லாம் தூள், வாங்கியவர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்புகிறார்கள். பழைய பெட்டிக்காரருக்குப் பாக்கி வைத்ததால் அவர் கையை விரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள நாலாயிரம் பெட்டி வேணும்மா, இல்லன்னா என்னைத் தூக்கிருவாங்க" என்றான். பார்த்தாயா, உன்னை மயக்கிய அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று? பெட்டியில் இருந்து உருவிய இரண்டு அடுக்கு. நசுங்கின கணக்கு இன்னும் அறிக்கையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

விலைக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் "சொல்லுங்க, பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றது ஒரு குரல். நீ பட்டப்பெயர் வைத்தாயே, பத்து நிமிஷக்காரர், அவரேதான். செலவுக் குறைப்புக்கு இப்போது அவர்தான் தலைவராம். உன்னோடு இருந்த நாலு பேரை எடுத்துவிட்டு ஐந்து பேர் வேலையை உன் தலையில் கட்டினவர், பெட்டியிலும் கை வைத்திருக்கிறார். அந்தக் குரலை நான் மறப்பேனா? மூன்று நாள் தூங்காமல் ஆபீஸ் படிக்கட்டில் நீ விழுந்து, ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தபோது ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை உன் போன் அடித்தது. ஆறாவது தடவை நான் எடுத்தேன். "ஒரு பத்து நிமிஷம் எழுப்பி விடுங்க மேடம்" என்றார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது சார் என்றதற்கு, "இன்னொரு கை சும்மாதான இருக்கு" என்றார். இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. எனக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன்.

அதனால் நேற்று, "இருங்க சார், ஒரு பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடை மேடை மேல் வைத்துவிட்டு உள்ளே போய் டீ குடித்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏழுதான் ஆச்சு, இன்னொரு டம்ளர் குடி" என்றார். பத்து நிமிஷக்காரர் போனை வைக்கவில்லையடா, வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார், வேறு போக்கிடம் இல்லை. திரும்பி வந்து விலை சொன்னேன். "மேடம், கொஞ்சம் பாத்துப் போடுங்க, நாளைக்கும் நாம பழகணும் இல்ல" என்று இழுத்தார். பார்த்துத்தான் சார் போட்டிருக்கிறேன் என்றேன். உண்மையிலேயே பார்த்துத்தான் போட்டேன். சொல்லாமல் வேலையை விட்டு நின்றாய் என்று உன் பணத்தில் அறுபத்து நாலாயிரம் பிடித்துக்கொண்டார்களே, சுயநினைவு இல்லாதவன் எப்படிச் சொல்லிவிட்டு நிற்பான்? மற்றவர்களுக்கு நான் முப்பத்தொன்றுக்குப் போடும் பெட்டி. நாலாயிரம் பெட்டியில் அறுபத்து நாலாயிரம் எடுக்க வேண்டுமென்றால் பெட்டிக்குப் பதினாறு கூட. ஒரு காசு அதிகம் வைக்கவில்லை, ஒரு காசு விடவும் இல்லை. சரக்கு மட்டும் சுத்தமான ஐந்து அடுக்கு, அதில் நான் கை வைக்க மாட்டேன். எழுத்தில் ஒப்புதல் வந்து, முன்பணமும் வந்து சேர்ந்த பிறகு, அவரைத் திரும்பக் கூப்பிட்டு நான் யாருடைய அம்மா என்று சொன்னேன். அப்புறம், "அவர் நல்லா இருக்காரா மேடம், பேசலாமா?" என்றார். தூங்குகிறான் சார், எழுப்ப மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏழு மாதமாக எனக்கு இறங்காத சோறு நேற்று இறங்கியது.

ஆகவே என் பதில் இதுதான். கணக்கு முடித்த பணத்தில் கை வைக்காதே, அது டாக்டர் உனக்கு இனிமேலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த ஆறு மாத ஓய்வு. அந்தப் பங்கை வாங்கினால் ஒரு நாளைக்கு இருபது தடவை போனைத் திறந்து விலை பார்ப்பாய், அதாவது சம்பளம் இல்லாமல் மறுபடியும் அவர்களுக்கே வேலை பார்ப்பாய். அது ஐந்நூறுக்கு ஏறினாலும் ஏறட்டும், உன் தூக்கத்தை வைத்து ஏற வேண்டாம். அறுபத்து நாலாயிரமும் பணம் முழுசாக வந்த அன்றைக்கே உன் பேருக்கு அனுப்புகிறேன், அதில் பங்கு வாங்கினாய் என்று தெரிந்தால் அடுத்த வண்டியில் ஏறி நேரில் வருவேன். அந்த ஆறு மாதத்துக்கு மேலும் இரண்டு மாதம் அவர்கள் செலவில் தூங்கு.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன்னை நோகடித்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாத்திரையை உடைக்காதே, தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுக்காதே. ஒப்பந்த விவரத்தை எழுதச் சொல்லி அப்பா நச்சரிக்கிறார், அவனும் ஒரு தடவை படித்துச் சந்தோஷப்படட்டும் என்கிறார். ஐந்து அடுக்குப் பெட்டி நாலாயிரம், பெட்டிக்கு நாற்பத்தேழு, பாதிப் பணம் முன்னால், மீதி வண்டியில் ஏற்றும் முன், வண்டி வாடகை அவர்களுடையது, விற்ற சரக்கு திரும்ப எடுப்பதில்லை, கடன் கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா