பாட்டுக்கு நடுவே அடித்த போன்

டெட்ராய்ட்
1966 ஏப்ரல் 5

அன்புள்ள லெம்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அலபாமாவிலிருந்து இங்கே வரும்வரை உன் வாரிசு வயிற்றுக்குள் மிதித்துக்கொண்டே வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டெட்ராய்ட் வரைக்கும் தாங்குமாம்மா?" என்று மூன்று தடவை கேட்டாள். கிளியோட்டிஸ் அண்ணன் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார். அம்மா என்னைக் கண்டதும் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு சோள ரொட்டியைத் தட்டு நிறைய வைத்தாள்.

பெட்டியைப் பிரித்தேன். குழந்தைக்குக் கட்ட மஞ்சள் நூலில் ஓரம் தைத்து வைத்த துணிகள் பன்னிரண்டு. இருப்பது பதினொன்று. இன்னொன்று எங்கே? நீ எடுத்திருந்தால் உண்மையைச் சொல்.

கிளம்பும்போது சண்டை வேண்டாம் என்று சொல்லாமல் வந்ததை இப்போது சொல்கிறேன். நம் கல்யாண நாளன்று ஊரார் காதல் பாட்டுக்கு பாஸ் கிதார் வாசித்துக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தாய். நான் செய்த பீச் பழப் பணியாரம் ஆறிப்போய்க் கிடந்தது. இருபத்தாறு ரெக்கார்டில் வாசித்திருக்கிறாய். எந்த அட்டையிலாவது உன் பெயர் உண்டா? அண்ணன் இங்கே கார் தொழிற்சாலையில் உனக்காகப் பேசி வைத்திருக்கிறார். அங்கே சங்கு ஊதினால் வீட்டுக்கு வரலாம். யோசி.

உன்,
ஒடெஸா


அலபாமா
ஏப்ரல் 9

என் தங்கமே ஒடெஸா,

துணியைத் திருடியவன் நான்தான். கேட்டுவிட்டுத் திட்டு. பாஸின் கம்பிகள் ரொம்ப நேரம் ரீங்கரித்தால் மற்ற வாத்தியங்களோடு கலந்து கூழாகிவிடும். கம்பிக்கடியில் ஏதாவது துணி வைத்து அமுக்குவேன் என்பது உனக்குத் தெரியும். இத்தனை நாள் பழைய காலுறை. நீ தைத்த துணியை மடித்து வைத்துப் பார்த்தேன். முதலாளி ஹாலிஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். "என்னய்யா லெம், இன்னைக்கு உன் பாஸ் நல்லா சாப்பிட்டுட்டு வந்து பேசுது?" என்றார். நான் ரகசியத்தைச் சொல்லவில்லை.

இப்போது பெரிய செய்தி. மெம்பிஸிலிருந்து கிளாடின் பாஸ்கம் வருகிறார். பத்துப் பாட்டு, பதினெட்டாம் தேதி தொடங்கி இரண்டு வாரம். இருபது வருஷம் தேவாலயத்தில் பாடிய குரல், முதல்முதலாக ஒரு முழு ஆல்பம். இதை விட்டுவிட்டு வரச் சொல்லாதே ஒடெஸா, கெஞ்சிக் கேட்கிறேன். டாக்டர் சொன்னது மே முதல் வாரம்தானே? முப்பதாம் தேதி பஸ் ஏறிவிடுவேன்.

அதற்கு முன்னால் பிறந்துவிட்டால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். உன் அம்மா வீட்டில் போன் இல்லை, சரி. ஆஸ்பத்திரியில் காசு போட்டுப் பேசும் போன் இருக்குமே. மச்சான் ஸ்டூடியோ நம்பரைச் சுழற்றட்டும். ஆண் என்றால் இரண்டு மணி, பெண் என்றால் மூன்று மணி அடிக்க விட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டும். யாரும் எடுக்க மாட்டோம், போட்ட காசும் திரும்பி வந்துவிடும். பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் ஹாலிஸ் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார், மணி அடிக்கக் கூடாது என்று. அவர் கண்ணாடி அறைக்குள் போனதும் நான் நைசாக எடுத்துத் திரும்ப வைத்துவிடுவேன். வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

உன் துணித் திருடன்,
லெம்


டெட்ராய்ட்
ஏப்ரல் 13

அன்புள்ள லெம்,

இரண்டு மணி, மூன்று மணி என்று அண்ணன் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மா, "பிள்ளை பெத்தவளுக்குக் காப்பி போடறதுக்கும் எத்தனை மணின்னு சொல்லிட்டுப் போடா" என்கிறாள்.

சரி, உன் வழிக்கே வருகிறேன். ஆனால் ஒன்று. டிரம்மில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் தெருவிலிருந்தே கண்டுபிடிப்பவன் நீ. உன்னால் வர முடியாவிட்டால் உன் காதாவது எங்களிடம் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நான் அலபாமாவுக்குத் திரும்பப் போவதில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, காப்பி குடித்துவிட்டு நிதானமாக எழுதுகிறேன்.

ஒடெஸா

அந்தத் துணி எனக்குத் திரும்ப வேண்டும்.


அலபாமா
ஏப்ரல் 20

ஒடெஸா! ஒடெஸா! என் மகளைப் பெற்றவளே!

எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நேற்றுக் காலை பதினோரு மணி. காலையிலிருந்து ஒரே பாட்டு, பத்தொன்பதாவது தடவை. கடைசிப் பகுதியில் நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். கிளாடின் அக்கா மட்டும் கைத்தட்டலோடு தனியாக நான்கு வரி பாடுவார். அதன் பிறகு நான் முதலில் நுழைய வேண்டும். பதினெட்டு தடவையும் ஏதோ ஒன்று இடித்தது. பத்தொன்பதாவதில் அக்கா பாட ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் என்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று பயம்.

எல்லோரும் நிறுத்தினோம். அக்கா தனியாகப் பாடுகிறார். மூலையில் போன் அடித்தது!

ஒன்று. மணிக் கணக்கு அக்காவுக்கும் தெரியும், பாட்டை விடவில்லை. இரண்டு. டிரம் வாசிக்கும் ராஸ்கோ குச்சியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். நான் பையன் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று! அப்புறம் சத்தமே இல்லை.

பதினோரு வருஷமாக ஒரு தாளம் தவறாதவன் நான். ஒரு முழு வரி முன்னாலேயே நுழைந்துவிட்டேன். நுழைந்தது மட்டுமா, கிதார் கழுத்தின் உச்சிவரை ஏறிக் குதித்து இறங்கினேன். என் விரல்கள் என்னைக் கேட்கவே இல்லை. ராஸ்கோ பின்னாலேயே பாய்ந்தான், டிரம்பெட் ஊதுகிறவர்கள் பாய்ந்தார்கள். அக்கா பாட வேண்டிய வரியை விட்டுவிட்டு மைக்கிலேயே கத்தினார்: "பொம்பளப் புள்ளடா லெம்! ஆண்டவரே, பொம்பளப் புள்ள!" பாட்டு முடிகிறவரை ஒருத்தரும் தரையில் இல்லை.

விளக்கு அணைந்ததும் ஹாலிஸ் வந்தார், முகம் சிவந்து. "எவன்யா ரிசீவரை வச்சது? காலையிலேர்ந்து இதுக்காகத்தான் உசிரை விட்டோம். மறுபடி எடுக்கணும்."

"நான்தாங்க" என்றேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஹாலிஸ், நான் இருபது வருஷமா பாடறேன். இந்த மாதிரி ஒரு தடவதான் வரும். போன் இருந்தா இருந்துட்டுப் போவுது. நீ மறுபடி எடு, நான் பாட மாட்டேன்" என்றார்.

ஹாலிஸ் டேப்பை ஒருமுறை போட்டுக் கேட்டார். இதுவே போதும் என்று டேப் பெட்டியின் மேல் தேதியை எழுதினார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகளுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று அக்கா உத்தரவே போட்டுவிட்டார். பார்த்தாயா, என் காது உங்களிடம்தான் இருந்தது!

முப்பதாம் தேதி பஸ். என் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம் கொடு.

தலைகால் புரியாத,
லெம்


டெட்ராய்ட்
ஏப்ரல் 24

லெம்,

உன் கடிதத்தை அம்மா, அண்ணன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாதிவரை சிரித்தோம். அப்புறம் நான் நிறுத்திவிட்டேன்.

நீ கேட்டது பாதிதான். மீதி என்ன என்று நான் எழுத மாட்டேன். அண்ணனைத் தந்தி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, நானும் நன்றாகத் தின்று தூங்குகிறேன். ஆனால் மூன்று மணி அடித்தது, மூன்று மணி அடித்தது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாயே, அண்ணன் அந்தப் போனுக்கு முன்னால் என்ன பாடுபட்டார் என்று உனக்குத் தெரியுமா? காசு திரும்பி விழுந்ததும் அதையே மறுபடி போட்டுச் சுழற்றினாராம்.

அந்த டேப் உங்களிடம்தானே இருக்கிறது? போய்க் கேள். பாட்டைக் கேட்காதே, எங்களைக் கேள். அதுவரை தொழிற்சாலைப் பேச்சு அப்படியே இருக்கிறது.

ஒடெஸா


அலபாமா
ஏப்ரல் 28, மதியம்

ஒடெஸா,

உன் கடிதம் காலையில் வந்தது. டேப் போடும் டூயியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் டேப்பில் நான்கு பாதைகள். டிரம்மும் பாஸும் ஒன்றில், ஊதுகிறவர்கள் ஒன்றில், ஆர்கனும் கிதாரும் ஒன்றில், அக்காவின் குரல் தனியாக ஒன்றில். "அக்கா மைக்கை மட்டும் வை, மத்ததெல்லாம் மூடு" என்றேன். அவன் வைத்தான்.

அன்று எங்களுக்குக் கேட்காததெல்லாம் கேட்டது. அக்கா மூச்சு இழுப்பது, காலால் தரையைத் தட்டுவது. இரண்டாவது பல்லவியில், ஊதுகிறவர்கள் கூரையைப் பிய்க்கும் இடத்தில், அந்தச் சத்தத்துக்கு அடியில் ஏதோ ஒன்று. "நிறுத்து. திருப்பு." மறுபடி கேட்டேன். போன். ஒன்று. இரண்டு. அப்புறம் ஒரு நிமிஷம் கழித்துத்தான் நாங்கள் கேட்ட அந்த மூன்று.

டூயி என்னைப் பார்த்து, "ரெண்டுன்னா பையன்னுதான சொன்ன? மூணுன்னா பொண்ணு. அப்ப இது என்னய்யா கணக்கு?" என்றான்.

நான் ஆர்கன் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன் ஒடெஸா. சிரித்துக்கொண்டே அழுதேன். என் மகன் எனக்கு முதலில் போன் செய்திருக்கிறான், நான் என் சத்தத்திலேயே மூழ்கிக் கிடந்திருக்கிறேன். நீ சொன்னது முழுக்கச் சரி. கல்யாண நாளன்றும் அப்படித்தான்.

அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ரெட்டையாடா! ஐயையோ, பையனை விட்டுட்டு நாடு முழுக்கப் பொண்ணுன்னு கத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது, கடைசிப் பாட்டு. நாளை எடுக்க வேண்டும். ஹாலிஸிடம் போய், "நான் இன்னைக்கு பஸ் ஏறறேங்க" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போய்யா. நானே பாஸ் வாசிச்சுக்கறேன்" என்றார். அவர் வாசித்து நீ கேட்டதில்லை. அந்தப் பாட்டின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். போகட்டும்.

இந்தக் கடிதமும் நானும் ஒரே நாளில் கிளம்புகிறோம். கடிதம் முந்தினால், கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வை. நான் முந்தினால் இதை உனக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இரண்டு பிள்ளைகளின் தகப்பன்,
லெம்


டெட்ராய்ட்
ஜூன் 21

அன்புள்ள லெம்,

நீ இங்கே இருந்த பத்து நாளும் இரண்டு தோளிலும் ஒவ்வொன்றைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றினாய். ஆனாலும் பஸ் ஏறும்போது, அலபாமாவுக்குத் திரும்பி வருவாயா என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

நீ அனுப்பிய ரெக்கார்ட் நேற்று வந்தது. அட்டையை முன்னும் பின்னும் பார்த்தேன். கிளாடின் அக்கா படம் இருக்கிறது, ஹாலிஸ் பெயர் இருக்கிறது. உன் பெயர் இந்தத் தடவையும் இல்லை.

இரண்டும் தொட்டிலில் போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தன. சின்ன கிளாடின் ஆரம்பிப்பாள், தம்பி மாதிரி இருக்கும் அண்ணன்காரன் முடித்து வைப்பான். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஏதாவது பாட்டைப் போடுடீ, இந்தப் பாட்டை என்னால தாங்க முடியல" என்றாள். போட்டேன். உன் பாஸ் ஆரம்பித்ததும் பையன் நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் இவளும் நிறுத்தினாள். ஊதுகிறவர்கள் கூச்சல் போடும் இடத்தில் நான் ரெக்கார்ட் போடும் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். ஒன்று. இரண்டு. மெதுவாக, ஆனால் இருக்கிறது. அப்புறம் அந்த மூன்று. அப்புறம் நீ தப்பாக நுழைந்து குதித்தாயே, அந்த இடம். லெம், எனக்காக ஒருத்தர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதே இல்லை. மூன்று தடவை ஊசியைத் திருப்பி வைத்தேன். அண்ணன் நான்காவது தடவை வைத்துவிட்டு, "சுழற்றினது நான்தான், என் பேரையும் போட்டிருக்கலாம்" என்று குறைப்பட்டுக்கொண்டார். தகப்பனுக்கு ரெக்கார்டில் கிடைக்காத இடம் பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே கிடைத்துவிட்டது.

கடைசிப் பாட்டுவரை இரண்டும் அசையாமல் தூங்கின. ஹாலிஸ் வாசிக்க ஆரம்பித்தார், இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்து அலறின. அவரிடம் சொல்லாதே, பாவம்.

தொழிற்சாலை வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். அண்ணனும் சிரித்துவிட்டார். ஜூலை இரண்டாம் தேதி பஸ்ஸில் வருகிறோம், மூன்று பேரும். பஸ் நிலையத்துக்கு நீயே வர வேண்டும். அன்றைக்கு அந்த அக்கா என்ன, ராஜாவே பாட வந்தாலும் பாஸைக் கீழே வைத்துவிட்டு வா. பணியாரத்துக்கு பீச் பழங்கள் வாங்கி வை, இரண்டு பேருக்கு அல்ல, ராஸ்கோவையும் டூயியையும் கூப்பிடு.

துணிகள் இப்போது பதினொன்று போதவில்லை, அம்மாவும் நானும் இன்னும் இருபது தைத்துவிட்டோம். உன்னிடம் இருப்பதை மட்டும் எடுக்காதே. அது கம்பிக்கடியிலேயே இருக்கட்டும்.

உன்,
ஒடெஸா