மூன்று முறை உள்ளே போனவர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முட்டியைத் தவிர. போனில் கேட்டால் நீ ரெண்டு ஜோக் அடித்துவிட்டு "பால் பொங்குது" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

உன் பெண்டாட்டி போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் மாமாவைப் பற்றிய பக்கத்தை ஏழு வருஷமாகக் காவல் காப்பது நீதானாம். யார் எதை மாற்றினாலும் அரை மணியில் திருப்பி வைப்பதும் நீதானாம். ஏன்டா, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேராகப் போய் அதில்தான் உட்கார்வாயா?

பாப்பா புது வேலையில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே பக்கத்து மேஜைக்காரி அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது உங்கப்பாவா?" என்று கேட்டாளாம். பத்து வரியில் ஏழு வரி மாமா கம்பெனியின் பெயிண்ட் ஆலையில் நடந்த அந்த வாயுக் கசிவு. நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில், மூன்று பேர் பிழைக்கவில்லை. நடந்ததுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனுஷன் வாழ்க்கையில் வேறொன்றுமே செய்யவில்லையா? பெண் முகம் வாடி வந்து நிற்கிறது. அந்தப் பத்தியைக் கொஞ்சம் சுருக்கு. எனக்காக.

உன் அக்கா


மார்ச் 9

அன்பும் பயமும் கலந்து அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இந்த வீட்டில் அங்கேதான் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். காட்டிக்கொடுத்தவளோ ஒன்றும் தெரியாதவள் போல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம், நான்தான். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பகலெல்லாம் சம்பளத்துக்குத் திட்டு வாங்குகிறேன். சாயங்காலம் சம்பளம் இல்லாமல் வாங்குகிறேன். பழக்க தோஷம்.

உனக்குத் தெரியாத கூத்து ஒன்று சொல்கிறேன். மாமா கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் மாதம் தவறாமல் வந்து அவரைத் "தொலைநோக்குச் சிந்தனையாளர்" ஆக்கிவிட்டுப் போவான். ஒருமுறை "வண்ணப்பூச்சு உலகின் விடிவெள்ளி" என்றுகூட எழுதினான். அழித்தேன். மறுநாள் இன்னொருத்தன் வந்து "கொலைகாரன்" என்று எழுதினான். அதையும் அழித்தேன். முதல் ஆள் என்னை மாமாவின் எதிரி என்கிறான். இரண்டாவது ஆள் கைக்கூலி என்கிறான். கூலி எங்கேடா என்று கேட்க வாய் வரை வந்தது.

என்னோடு காவலுக்கு இன்னொருத்தர் உண்டு. முகம் தெரியாது, புனைபெயர் ஊசி. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினாலும் சான்று கேட்பார். மாமாவுக்கு நான் மைத்துனன் என்பது அவருக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, நேர்மையாகத்தானே இருக்கிறேன் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

சுருக்க மாட்டேன் அக்கா. நீ கேட்டு நான் முடியாது என்று சொல்வது இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கை வைத்துவிடாதே.

உன் உதவாக்கரைத் தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

"அன்புள்ள" இந்தத் தடவை இல்லை. கவனித்திருப்பாய்.

அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்களையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று பாப்பா காட்டிக்கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாள் படித்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கசிவின்போது நிறுவனத் தலைவர் தானே மூன்று முறை உள்ளே போய் ஆறு பேரை இழுத்து வந்தார் என்று. கீழே இரண்டு செய்தித்தாள்கள், தேதியோடு. இருபது நிமிஷத்தில் வரியைக் காணோம். எடுத்தது நீ. காரணம் என்று எழுதியிருப்பது ஒரே சொல், "புகழ்ச்சி".

அன்றைக்கு இருமி இருமி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாரே, பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கென்று ஆரஞ்சு உரித்து நீயே தின்றாயே, அது யார்? உன் கண்ணால் பார்த்ததையே புகழ்ச்சி என்று துடைத்திருக்கிறாய்.

இவர் உனக்கு வேற்றாளாக இருந்தால் அந்த வரியை எடுத்திருப்பாயா? ஜோக் வேண்டாம். பதில் வேண்டும்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

எடுத்திருக்க மாட்டேன்.

சிமெண்டுக்காரர், விமானக் கம்பெனிக்காரி என்று இன்னும் பதினான்கு முதலாளிகளின் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் திரும்பப் புரட்டினேன். இப்படி ஒரு வரி வந்தபோதெல்லாம் சான்றைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் விட்டிருக்கிறேன். மாமா பக்கத்தில் மட்டும் திறந்தே பார்க்கவில்லை. நாளைக்கு எவனாவது "சொந்தக்காரனுக்கு ஜால்ரா" என்று கண்டுபிடித்துவிட்டால்? அந்தப் பயத்தில், தராசு சமமாக நிற்க வேண்டுமே என்று எதிர்த்தட்டில் நானே ஏறி உட்கார்ந்திருக்கிறேன். எண்பத்தாறு கிலோ. தட்டு பாவம், என்ன செய்யும்?

நேற்று அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், திருத்துபவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில், எழுதிவிட்டேன். இவர் என் அக்கா கணவர், ஏழு வருஷமாக மறைத்தேன், இனி இதைத் தொட மாட்டேன், நான் எடுத்த வரியை மற்றவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று.

ஊசி பதில் போட்டார்: "உறவுக்குச் சான்று?" சிரித்துவிட்டேன். சற்று நேரத்தில் இன்னொரு வரி வந்தது: "உங்கள் மற்றப் பதினான்கு பக்கங்களையும் நான் சரிபார்க்க வேண்டியிருக்கும்." அதற்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்காத மனுஷன், என்னை ஏழு வருஷம் நம்பியிருக்கிறார்.

வரி திரும்ப வருமா என்பது இனி என் கையில் இல்லை. மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் தெரியவில்லை. மன்னித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

வரி வந்துவிட்டது. உங்கள் ஊசி இரண்டு செய்தித்தாள்களையும் தேடிப் படித்து, ஆறு பேரை நான்கு பேர் ஆக்கியிருக்கிறார். ஒன்றில் அப்படித்தான் இருக்கிறதாம். போகட்டும். சாப்பிடும்போது பாப்பா சத்தமாகப் படித்தாள், குரலில் அத்தனை சந்தோஷம். மாமா முகத்தில் ஈயாடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

பின்னாலேயே போனேன். "இந்த ஒரு வரிக்காகத் தம்பியோட ஒரு மாசம் மல்லுக்கட்டியிருக்கேன். உங்களுக்கு என்ன வந்துது?" என்றேன்.

"உள்ள போனேன்னு போட்டிருக்கான். ஏன் போனேன்னு போடலையே."

"ஏன் போனீங்க?"

"அபாய மணி அடிச்சிருந்தா அவங்களே ஓடி வந்திருப்பாங்க. அது சும்மா சும்மா அடிச்சு வேலை நின்னு போகுதுன்னு, கசிவுக்கு நாலு மாசம் முன்னாடி நிறுத்தி வைக்கச் சொன்னது நான்தான்."

கசிவு நடந்து பதினொரு வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. விசாரணைக் குழுவிடம் அவரே சொல்லியிருக்கிறார். அறிக்கை அச்சாகி நூலகங்களில் கிடக்கிறதாம். யாரும் கடைசிவரை புரட்டவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. சண்டை போட்டு நான் வாங்கிய வரி அது. பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் தனியாக நிற்க விட்டால், நீ அந்தப் பக்கமிருந்து செய்ததை நான் இந்தப் பக்கமிருந்து செய்த மாதிரி. உன்னைத் திட்டிய வாயால் அதை எப்படி விழுங்குவது?

நீ தொட மாட்டாய். அதனால் இன்று காலை நானே உட்கார்ந்து உரையாடல் பக்கத்தில் அடித்தேன்: "நான் இவர் மனைவி. கட்டுரையை நான் தொடவில்லை. அபாய மணி நிறுத்தப்பட்டிருந்தது பற்றி விசாரணை அறிக்கையில் உள்ளது. பார்த்துச் சேர்க்கவும்." அனுப்புவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாப்பாவும் வந்து நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"அறிக்கைன்னு மொட்டையா போடாதே, தேடிக் களைச்சிடுவாங்க" என்றார். "பின்னிணைப்பு நாலு, பக்கம் இருநூத்திப் பதினொண்ணு."

அதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

உன் அக்கா