உங்கள் குசினிக்குள் வந்த என் மண்

நேற்று ஒபிஸ் முடிந்து கண்டியிலிருந்து வரும்போது, குண்டசாலைச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. என் ஜன்னலை ஒட்டி ஒரு சின்ன லொறி. அதன் பின்பக்கம் முழுவதும் சதுரம் சதுரமாக வெட்டிய புல்லை, வேரும் மண்ணுமாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். சற்று முன்தான் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். ஈர மண்ணும் நசுங்கிய புல்லும் கலந்த வாசம் பஸ்ஸுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்தாள். நான் லொறி நகரும்வரை முகத்தைத் திருப்பவில்லை. நடு அடுக்கில் சில துண்டுகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. இன்றைக்கே பதித்துவிடுங்கள் என்று சாரதியிடம் சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியே இருப்பீர்கள்.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டது சண்டையாகத்தான். உங்கள் வீட்டுக்கு மேலே இருந்த காணியை நாங்கள் வாங்கி வீடு கட்டி முடித்த வருஷம் அது. அத்திவாரத்துக்காக மெஷினால் வெட்டிய மேடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு புல் பூண்டு இல்லாமல் சிவப்பாகக் கிடந்தது. அந்தச் சரிவின் அடியில் உங்கள் அடுப்பு இருக்கும் குசினியின் கதவு. வைகாசி மழையின் முதல் நாளே என் மண் உங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. நீங்கள் சேறு வடியும் விளக்குமாற்றோடு மேலே ஏறி வந்தீர்கள். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன்.

"தோட்டத்து ஆக்கள் தானே நீங்க. மண்ணுலயே பொறந்து வளந்துட்டு, அத எங்க வெக்கிறண்டு தெரியாதா?"

இருபது வருஷமாக அரசாங்க ஒபிஸில் வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பதை அங்கே யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. மழையை நான் பெய்ய வைக்கவில்லை, பள்ளத்தில் வீடு கட்டினவர்கள்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். நீங்கள் விளக்குமாற்றை உதறிவிட்டு இறங்கிப் போனீர்கள். அதன்பிறகு ஐந்து மாதம் நீங்கள் உங்கள் பக்கம், நான் என் பக்கம். மழை வந்தால் கீழே நீங்கள் சேற்றை வழிக்கும் சத்தம் கேட்கும். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். இதை நீங்கள் இருக்கும்போது உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

புல் பதிக்கும் யோசனை உங்கள் குசினியை நினைத்து வந்தது என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி பொய். ஒபிஸ் விருந்து ஒன்றுக்குப் போன ஹோட்டலில், மெத்தையில் விரித்த துணி மாதிரி நீலம் கலந்த ஒரு புல்லைப் பார்த்திருந்தேன். மெல்லிய இலை, ஒரே மட்டம். சொந்த வீடு என்றால் பின்பக்கம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. ரோட்டோரத்தில் விற்ற ஒருவரிடம் போய் அதே புல்லைக் கைகாட்டி வாங்கினேன். எங்கே பதிக்கப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, இந்தப் புல்லுக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை புல் வந்திறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்துதான் பதித்தோம். அதற்குள் அடுக்கின் நடுவில் கையை வைத்தால் சோற்றுப் பானைபோலச் சூடு. மெஷின் அழுத்தி இறுக்கிய களிமண்ணை மேலாக மட்டும் கீறிவிட்டு அப்படியே விரித்தோம். பாதி இடம் பலா மரத்து நிழல். அந்தப் புல்லுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டு கிழமை அழகாக இருந்தது. போட்டோ எடுத்து ஒபிஸில் காட்டினேன்.

அடுத்து வந்தது ஐப்பசி மழை. சனிக்கிழமை பின்னேரம், இடியோடு தொடங்கியது. நான் பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் ஒரு மூலை தூக்கியது. தண்ணீர் அதற்கு அடியில் புகுந்தது. பிறகு யாரோ கீழே நின்று பாயை இழுப்பதுபோல முழு வரிசையும் வழுக்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் அடுத்த வரிசை. சேறும் புல்லுமாகச் சேர்ந்து உங்கள் குசினிக் கதவை முட்டித் திறந்தன.

நான் குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடினேன். நீங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தீர்கள். கையில் என் புல்லில் ஒரு துண்டு. என்ன சொல்லித் திட்டப் போகிறீர்களோ என்று நின்றேன். நீங்கள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தீர்கள். ஒரு வேர்கூட மண்ணைப் பிடிக்கவில்லையே என்றீர்கள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, நான் நனைகிறேன் என்று உள்ளே வரச் சொன்னீர்கள்.

உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் உங்கள் மகளைப் பெண் பார்க்க அக்குறணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அரிசி மூட்டை நனைந்து கிடந்தது. அடுப்புக்குள் சேறு. ஒரு மூலையில் உங்கள் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். உங்கள் கணவர் இறந்து அப்போது மூன்று வருஷம். அந்தச் சம்பந்தத்துக்காக நீங்கள் எவ்வளவு அலைந்தீர்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த கதை. வீட்டுக்காரரும் வந்து சேர்ந்துகொள்ள, இருட்டி வெகு நேரம்வரை நாலு பேரும் வழித்தோம், கழுவினோம். அடுப்பு மட்டும் காயவில்லை. என் வீட்டில் சமையுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. முஸ்லிமான உங்களுக்கு எங்கள் வீட்டுச் சட்டியில் சமைப்பது சரிவருமா என்று தெரியவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். நீங்கள் அடுப்பின் ஈரத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தீர்கள்.

"சட்டி பானை, எறச்சி எல்லாம் நான் கொண்டு வாறேன். நெருப்பு மட்டும் நீங்க தாங்க."

மறுநாள் விடியற்காலையில் படியேறி வந்து என் அடுப்பில் சமைத்தீர்கள். நான் வெங்காயம் உரித்தேன். நெய்ச்சோற்று மணம் இரண்டு நாள் என் திரைச்சீலையில் இருந்தது. சம்பந்தம் முடிவானது. அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

அதற்குப் பிறகு ஒருநாள் நீங்களாகவே கேட்டீர்கள், என் அப்பா தோட்டத்தில் என்ன வேலை செய்தார் என்று. கான் வெட்டினவர் என்றேன். மலையில் மழைத்தண்ணீர் நேராக இறங்கி ஓடாதபடி சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதைப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்று சொன்னேன். கானோரத்திலும் பாதையிலும் அகல இலைப் புல் ஒன்று தானாகப் படரும். மரநிழலிலும் வளரும், எத்தனை பேர் மிதித்தாலும் சாகாது, எந்த மழைக்கும் அசையாது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவும் தெரிந்துகொண்டு எதற்காக அந்தப் புல்லை வாங்கினேன் என்று கேட்டீர்கள். செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன காலத்தில் மிதித்த புல் அது, என் சொந்த வீட்டிலும் அதுவே வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

நத்தாரும் புதுவருஷமும் கழிந்து மழை தணிந்ததும் இருவருமாக ஆட்டோ பிடித்து வத்தேகமப் பக்கம் போனோம். வழியில், உங்களைச் சும்மா 'நீங்க' என்று கூப்பிடாமல் தாத்தா என்று கூப்பிடச் சொன்னீர்கள். உங்கள் ஆட்கள் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வாய்க்கு அது அப்பாவின் அப்பா. புல் விற்கும் இடத்தில் நான் உங்களைத் தாத்தா என்று கூப்பிட, அங்கே புல் விற்ற சிங்கள மனிதர் என் அப்பாவைத் தேடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அவருடைய மொழியில் தாத்தா என்றால் அப்பா. மூன்று பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அவர் நம்மிடம் நிறையக் கேட்டார். நிழல் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணிவரை, தண்ணீர் எங்கே போகிறது, மண்ணைக் கையில் உருட்டினால் உருண்டையாக நிற்குமா. கேட்டுவிட்டு ஒரு பாத்திக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அதே அகல இலைப் புல். தோட்டத்துப் பாதையில் மிதித்தே வளர்ந்த புல்லை, சதுரமாக வெட்டி, பெயர் வைத்து விற்கிறார்கள். பதிக்கும் நாள் காலையில்தான் எடுத்துப் போக வேண்டும், வெட்டிய புல்லை அடுக்கி வைத்தால் வெந்துபோகும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இந்த முறை முதலில் கான். அப்பா வெட்டியது எனக்கு நினைவிருந்த மாதிரி, சரிவுக்குக் குறுக்கே இரண்டு கான்களை வீட்டுக்காரர் வெட்டி, தெருவுக்கு இறங்கும் ஒழுங்கையோரத்து வாய்க்காலில் சேர்த்தார். இறுகிய மண்ணைக் கொத்திப் புரட்டி, மாட்டெருவும் கொஞ்சம் மணலும் கலந்தோம். புல் வந்த காலையில் நீங்கள் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றீர்கள். அடியிலிருந்து மேலே, செங்கல் வைப்பதுபோல ஒன்றின் பொருத்துக்கு மேல் அடுத்ததன் நடு வரும்படி வைத்து, ஒவ்வொன்றையும் மூங்கில் முளையால் அடித்து நிறுத்தினோம். மூன்றாவது வரிசையில், கையிலிருந்த துண்டைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள்:

"தங்கச்சி, அண்டைக்கு உங்கள நான் தோட்டத்து ஆக்கள்ண்டு செல்லின பேச்சு பிழை. கோவத்துல வந்தண்டு செல்ல மாட்டேன். அது பிழைதான்."

வீட்டுக்காரர் முளை அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் என்னுடைய பேச்சும் பிழைதான் என்றேன். சரி, அந்தப் பக்கத்து மூலையை அழுத்துங்கள் என்றீர்கள். அதோடு முடிந்தது.

மாசி மாதம் வெயில் காய்ந்தது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். உங்கள் கிணற்று மோட்டரைப் போட்டு, நீளப் பைப்பில் சரிவுக்கு மேலே தண்ணீர் ஏற்றினீர்கள். மூன்றாம் கிழமை ஒரு துண்டின் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்கள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தீர்கள். வரவேயில்லை. அடுத்த வைகாசி மழையில் நான் ஒபிஸில் இருந்தேன். நீங்கள் குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தீர்கள். தண்ணீர் கானில் தெளிவாகப் போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பக்கத்து மேசைக்காரி என்ன நல்ல செய்தி என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு நீங்கள் சரிவுக்கு வருவீர்கள். லீவு நாட்களில் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பேன். பேசியதில் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. யாருக்கு முழங்கால் வலி கூட, எந்தக் கடையில் கறிவேப்பிலை வாடாமல் இருக்கிறது, இப்படி. நிறைவான நேரம் அது.

போன வருஷம் நீங்கள் ஆஸ்பத்திரியில் பத்தே நாள் இருந்தீர்கள். உங்களை அடக்கம் செய்த ஜனாஸா அன்று உங்கள் வீடு கொள்ளவில்லை. அக்குறணையிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். உள்ளே இடமில்லாமல் பெண்கள் ஒவ்வொருவராகச் சரிவில் ஏறிப் புல்லில் உட்கார்ந்தார்கள். ஓதும் சத்தம் என் குசினிவரை கேட்டது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தபோது உங்கள் மகள் வந்து என் தோளில் சாய்ந்தாள். மூன்று நாள் புல் படிந்து கிடந்தது. பிறகு ஒரு மழை, நிமிர்ந்துவிட்டது.

போன மாதம் ஒபிஸில் புதிதாக வந்த பிள்ளையொருத்தி ஒரு கடிதத்தைப் பிழையாக டைப் செய்துவிட்டாள். அவளுடைய ஊரைச் சொல்லி எல்லார் முன்னாலும் மட்டமாகப் பேசிவிட்டேன். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில், முதல் நாள் கேட்டவர்கள் எல்லாரும் இருக்கும்போது, அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நான் சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லி, அது பிழை என்றேன். வேலை கூடிப்போனதால் வந்தது என்று சொல்லவில்லை. அவள் பரவாயில்லை மிஸ் என்றாள். இல்லை மகள், பிழைதான் என்றேன்.

அவள் எழுந்து பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு, இருங்க மிஸ் என்றாள். இருவருமாக அந்தக் கடிதத்தைத் திருத்தினோம்.