கைக்குச் சிக்காத நீளம்

மதினி,

இன்று காலையிலிருந்து என் அடுப்பங்கரை முழுக்க வெந்தயமும் செம்பருத்தி இலையும் வேகிற வாசம். என் மகள் வந்திருக்கிறாள். போனில் யாரோ சொல்லச் சொல்ல ஒரு பாத்திரத்தில் எதையோ காய்ச்சுகிறாள், இன்னொன்றில் வடிகட்டுகிறாள், வேறொன்றில் சீயக்காயைக் குழைக்கிறாள். மேடையெல்லாம் பச்சைக் குழம்பு. சாப்பாட்டு நேரம் தாண்டியும் தலைக்கு ஊற்றியபாடில்லை. கடைசியில் அலுத்துப்போய், "ஷாம்பு போட்டா முடி கொட்டுது, இதைப் போட்டா பொழுதே போயிடுது. இதைச் சுருக்கமா செய்ய ஒரு வழி சொல்லேம்மா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பல்லைக் கடிக்கும் கோபமும் வந்தது. இந்த வேலையைச் சுருக்கிக் காட்டிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள்தான். நீங்கள் எப்படிச் சுருக்கினீர்கள் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

தென்காசியில் உங்களைப் பெண் பார்க்க வந்தபோது நான் பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அம்மா உங்கள் சடையை அவிழ்த்து, சவுரி வைத்திருக்கிறார்களா என்று வேர் வரைக்கும் விரல் விட்டுத் துழாவினாள். முழங்காலைத் தொட்ட முடி. "மகாலெச்சுமியே வாரா" என்று அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிட்டாள். என் அண்ணனுக்கு ரங்கநாதன் தெருவில் சேலைக்கடை. கடை வாசலில் பொம்மைக்குச் சேலை சுற்றி நிறுத்துகிறவன், வீட்டுக்கு வரும் வியாபாரிகளிடம் உங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிச் சடையைக் காட்டுவான். அண்ணன் என்று எழுத இனிமேல் எனக்குக் கை வராது. அவன் என்றே எழுதுகிறேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் நம் வீடு. வெள்ளிக்கிழமை என்றால் விடியும்போதே ஆரம்பித்துவிடும். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வைத்து ஊறவிட வேண்டும். வெந்நீர்த் தவலைக்கு விறகு தள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில், வீட்டு வேலைக்கு வரும் முனியம்மா தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வருவாள். சீயக்காயும் பயறும் வெந்தயமும் சேர்த்து அரைத்த பொடியைச் சோற்றுக் கஞ்சியில் கரைத்து நான் தேய்த்துவிடுவேன். அலசி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். பிறகு துண்டால் தட்டி, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணிப் புகை போட்டு, மேலே முடியைப் பரப்பிக் காயவைத்து, சிக்கெடுத்து, பின்னி முடிக்கையில் உச்சிவெயில் சாய்ந்திருக்கும். முடியில் ஒரு சிக்கு இருக்கக் கூடாது என்பது அவன் உத்தரவு. மத்தியானச் சாப்பாடு ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது என்பதும் அவன் உத்தரவுதான். வெள்ளிக்கிழமையில் இரண்டும் சேர்ந்து நடக்காது. நடக்காததற்கு நீங்கள் அடி வாங்குவீர்கள்.

அடிப்பதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சடை நுனியைப் பிடிப்பான். அப்புறம் மணிக்கட்டில் ஒரு சுற்று, மேலும் ஒரு சுற்று. நாள் முழுக்கத் துணி மடித்துப் பழகிய கை, வாகாகச் சுற்றும். உங்கள் முகம் அண்ணாந்து அவன் மார்புக்கு வந்ததும் தலையைக் கதவு நிலையில் மோதுவான். நான் முதல் தடவை பார்த்தது அறுந்துபோன ஒரு சட்டைப் பித்தானுக்காக. யாரோ தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பின்கட்டிலிருந்து ஓடிவந்தேன். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சடையை இரண்டு கையாலும் அடியில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், வேரோடு போகாமல் இருக்க.

அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஆம்பிளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். ரெத்தத்தைத் தொடைச்சிட்டு முடியை அள்ளி முடி. வெளக்கு வைக்கிற நேரத்துல தலைவிரி கோலமாவா நிப்பா?"

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைக்கும்போது என் விரல் உங்கள் தலையைப் படிக்கத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் முடியே இல்லாத ஓர் இடம். உச்சியில் பொருக்கு. பிடரியில் ஆறிய தழும்பின் மேல் புதிய காயம். அதன்மேலெல்லாம் அந்தக் கருகரு முடி பாய் விரித்தாற்போல் மூடிக் கிடந்தது. சீயக்காய் பட்டதும் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, "எரியுதுட்டி, மெதுவா" என்பீர்கள். எனக்கு அந்தக் கொதிக்கிற தவலையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருக்கும். ஒருநாள் அவன் கை சடையைச் சுற்றியிருந்தபோது நான் பாய்ந்து அந்தக் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் விட்ட அறையில் என் இடது காது அன்றைக்கு அடைத்ததுதான், இன்றும் யாராவது இரகசியம் சொன்னால் வலது பக்கம் வரச் சொல்கிறேன்.

எண்ணெய் வைத்த தலையில் அவன் பிடி வழுக்குகிறது என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். அதிலிருந்து தினமும் சொட்டச் சொட்ட எண்ணெய் வைத்தீர்கள். தலையணை உறை நாசமாகிறது என்று அம்மா வைதாள். கொஞ்ச நாளில் அவனும் தெரிந்துகொண்டான். கையை வேட்டியில் துடைத்துவிட்டு இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினான். கொண்டை போட்டுப் பார்த்தீர்கள், கொண்டை அவனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. தெருப் பெண்கள் உங்களைப் பார்த்து, எப்படித்தான் தினம் ஒரு அலங்காரம் செய்கிறாளோ என்று பொறாமைப்பட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கடையில் யாருடனோ தகராறு, அவன் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். உங்கள் ஈர முடி கூடையின் மேல் கிடந்தது. அடுப்பில் உலைதான் கொதித்துக்கொண்டிருந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். கூடை உருண்டு, சாம்பிராணி நெருப்பு கூடமெங்கும் சிதறியது. உங்களை அதன்மேலேயே இழுத்துக்கொண்டுபோய்த் தெருப்பக்க ஜன்னல் கம்பியில் முடியை முடிச்சுப் போட்டுக் கட்டினான். "மொதல்ல சோறா முடியான்னு இங்கயே நின்னு யோசி" என்றான். அம்மா பழைய சோறும் மோரும் வைக்க, உட்கார்ந்து சாப்பிட்டான்.

முனியம்மா குடத்தோடு தெருவில் வந்தவள் நின்றுவிட்டாள். "இன்னாம்மா இது, மாட்டையா கட்டி வெச்சிகிறீங்க? ஏம்மா பெரியம்மா, இத்தப் பாத்துக்கினு நீ சும்மா கீறியா?" என்று ஜன்னலைத் தட்டினாள். அம்மா ஜன்னல் கதவின் ஒரு பாதியைச் சாத்தினாள்.

நான் தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். ஈர முடிச்சு இறுகி, விரலுக்கு அவிழவில்லை. வெட்டிவிடுகிறேன் என்றேன். நீங்கள் தலையைத் திருப்ப முடியாமல், கம்பியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னீர்கள்: "நீ வெட்டினா உன்னைக் கொன்னு போடுவாவ. நான் வெட்டினா, குடும்பத்துப் பொம்பளையா இவன்னு அத்தை ஊரைக் கூட்டும். ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாத கத்தி வேணும்டி எனக்கு."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து அவனே முடிச்சை இழுத்தான். அவிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். ஒரு கொத்து கம்பியிலேயே தங்கிவிட்டது. அதை நான்தான் அப்புறம் பிய்த்து எடுத்தேன்.

அந்தக் கத்தி மழைக்காலத்தில் வந்தது. அவனுக்கு மஞ்சள்காமாலை. கண்ணும் நகமும் மஞ்சள் பூத்து, கீழாநெல்லியும் கேட்கவில்லை, டாக்டர் ஊசியும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நிறைந்த கூடத்தில் நீங்கள் முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிறாற்போல், "வடபழனி முருகா, அவுக எந்திரிச்சு நடந்தா என் தலைமுடி பூராவும் ஒனக்கு" என்றீர்கள். அம்மா உங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு பதிவிரதை எங்கேயும் கிடையாது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தனியாக இருக்கும்போது நான் கேட்டேன், அவனுக்காகவா இதெல்லாம் என்று. "அவுக பொழைக்கணும்னு நான் கும்பிடலட்டி. என் முடி போவணும்னு கும்பிட்டேன். முருகனுக்குத் தெரியும்" என்றீர்கள்.

அவன் பிழைத்தான். அப்புறம்தான் அம்மாவுக்கு உறைத்தது. "நுனியில மூணு விரக்கடை வெட்டிப் பூமுடி குடுத்தாப் போதும், சுமங்கலி மொட்டை போட வேண்டாம்" என்றாள். நீங்கள் குனிந்த தலை நிமிராமல், "சாமிகிட்ட பேரம் பேசச் சொல்லுதீங்களா அத்தை? குடுத்த வாக்கு தவறி, நோவு திரும்பி வந்தா?" என்றீர்கள். அவனைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தான். அவ்வளவு நாள் அடித்த கை போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டது. "முழுசாவே குடுத்துரட்டும்மா" என்று அவனே சொன்னான்.

வடபழனியில் மொட்டை அடிக்கிற இடத்தில் நல்ல கூட்டம். நாவிதர் உங்கள் முடியைக் கையில் எடுத்துத் தயங்கினார். "இன்னாம்மா, இம்மாம் முடி கீது. பூமுடி குடுத்துட்டுப் போயேன், சாமி வேணாம்னா சொல்லப்போவுது?" நீங்கள் தலையை இன்னும் தாழ்த்திக் கொடுத்தீர்கள். முன்பக்கம் வழித்துப் பின்பக்கம் போனதும் அவர் கை நின்றது. துண்டோடு நின்ற அவனை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா நைனா இது, கத்தி வெக்க நல்ல எடமே இல்லியே மண்டைல?"

வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வெயிலில் எல்லாம் தெரிந்தது. பிய்ந்த இடம், தடித்த இடம், கதவு நிலை பிளந்த இடம், ஜன்னல் கம்பியில் விட்டுவிட்டு வந்த இடம். "ஐயோ, இன்னா பாவி" என்று யாரோ சொன்னார்கள். அம்மா சந்தனம் பூசின கையோடு, "முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு வா" என்றாள். "சாமிக்குக் குடுத்த தலையை மூடக் கூடாது அத்தை" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸிலும் அப்படியே வந்தீர்கள். ரங்கநாதன் தெருவில் அவன் கடை வாசல் வழியாகத்தான் நடந்தீர்கள், மெதுவாக, நின்று நின்று. கடைப் பையன்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவன் மறுபக்கம் போய் நடந்தான்.

ஆனாலும் கை அரிப்பு போகுமா? உங்கள் தலையில் விரலளவு முடி வளர்ந்திருந்த சமயம், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று எழுந்தான். பழக்கத்தில் கை உங்கள் பிடரிக்குப் போயிற்று. மூடித் திறந்தது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அப்போதெல்லாம் வாலிபர்கள் காதை மூட முடி வளர்ப்பார்களே, அவனும் கன்னத்துப் பாதி வரை கிருதாவும் காலரில் விழுகிற முடியுமாக அலைந்துகொண்டிருந்தான். நீங்கள் சோறு பரிமாறிய கையோடு எட்டி அந்த முடியைப் பிடித்தீர்கள். இரண்டு கையாலும். அதே கதவு நிலை. அதே தேங்காய்ச் சத்தம். விடாமல் திரும்பவும் மோதினீர்கள். "இப்ப யாருகிட்ட முடி இருக்கு? சொல்லு, யாருகிட்ட இருக்கு?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நீங்கள் கையை உதறிவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னீர்கள்: "பொம்பளைக்கும் கோவம் வரத்தான் செய்யும் அத்தை. ரெத்தத்தைத் தொடைச்சி விடுங்க."

அன்று என் வயிறு குளிர்ந்தது. மறுநாள் அவன் சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். அதன்பிறகு சாகும் வரைக்கும் வாயால் வைதான், கையை ஓங்கவில்லை. நீங்களும் முடியைக் கழுத்துக்குக் கீழே இறங்க விடவில்லை. யாராவது கேட்டால், நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது என்பீர்கள். உள்ளங்கை எண்ணெய், ஒரு கை சீயக்காய்ப் பொடி, கஞ்சித் தண்ணீர், துண்டால் ஒரு துவட்டல். வெள்ளிக்கிழமை உலை கொதிப்பதற்குள் நீங்கள் குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்திருப்பீர்கள். சாம்பிராணிக் கூடையை முனியம்மா கோழி கவிழ்க்க வாங்கிப் போனாள்.

மகளிடம் அந்த முறையைத்தான் சொன்னேன். பாத்திரங்களைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு, இவ்வளவு போதும் என்றேன். "முடி எவ்வளவு நீளம் வெச்சுக்கலாம்?" என்று கேட்டாள். "ஒரு கைக்கும் சிக்காத நீளம்" என்றேன். சீயக்காய் மிச்சப்படும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அவளைப் பலகையில் உட்கார வைத்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆன நாள் முதலாக, வீட்டுக்கு வரும்போதெல்லாம் எண்ணெய் வைக்கிறேன் என்று நானே வலியப்போய் உட்கார்த்துவேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. இன்றும் வகிடு பிரித்தேன். உச்சியில் பார்த்தேன், பிடரியில் தடவினேன், காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரலை மெதுவாக விட்டுத் தேடினேன். "என்னம்மா தேடுறே, பேன் பாக்குறியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒன்றும் இல்லை, மதினி. அதன் பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தில் கை வைத்தேன்.